103 டிகிரி காய்ச்சல் அடித்ததே, பிறகு எதிர்ப்பு சக்தி தளர்ந்தது என்பது எப்படி?

பள்ளத்தூரான் (கேள்வி):

சென்ற மாதம் உறவில் நடந்த சாந்திக் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்களால் எங்கள் வீடு நான்கு நாள்கள் நிறைந்திருந்தது. அதன் மூன்றாம் நாள் 68 வயதான என் அப்பச்சிக்கு 103 டிகிரி காய்ச்சல் கண்டது. பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ என்று வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு, முகப்பில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அளவுக்குத் தேறினார். எட்டாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பியது. சளி துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வந்தது. காரைக்குடியில் எக்ஸ்ரே எடுத்தபோது வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா. வைரஸ் எதிர்ப்பு சக்தியைத் தளர்த்திய இடைவெளியில் பாக்டீரியா நுழைந்துவிட்டது என்றார் டாக்டர். காய்ச்சலே உடம்பின் எதிர்ப்புதான் என்று படித்திருக்கிறேன். எதிர்ப்பு அத்தனை கடுமையாக இருந்தபோது எது தளர்ந்தது?

நுண்ணுயிரியல் ஆசிரியை:

உங்கள் ஐயம் நியாயமானது. தளர்வும் கொந்தளிப்பும் ஒரே நோயில் வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு இடங்களில் நடக்கின்றன.

வைரஸ் புகுந்த செல் முதலில் செய்யும் வேலை, இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிப்பது. (1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்ததே இன்ஃப்ளூயன்சா வைரஸை வைத்துச் செய்த சோதனையில்தான்.) வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதம் இந்த எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவிடுகிறது. அந்நிய ஆர்.என்.ஏ.வை, அதாவது வைரஸின் மரபுப்பொருளை, உணரும் ரிக்-ஐ என்ற உணரி விழித்தெழத் தேவையான டிரிம்25 என்ற துணைப் புரதத்தை அது பிடித்துக்கொள்கிறது; பல வைரஸ் வகைகளில், இன்டர்ஃபெரானுக்கான செய்தி ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமக்கும் நகல்) முறையாக உருவாவதையும் தடுக்கிறது. போதாக்குறைக்கு, வைரஸின் நொதி நம் செய்தி ஆர்.என்.ஏ.க்களின் தலைப்பகுதியை வெட்டியெடுத்துத் தன் ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பியாக மாட்டிக்கொள்கிறது. தலையிழந்த நம் செய்திகள் வீணாகின்றன. என்.எஸ்.1 மரபணுவை நீக்கிய வைரஸை 1998-இல் உருவாக்கிப் பார்த்தபோது, இன்டர்ஃபெரான் சுரக்க முடியாத செல்களில் அது நன்கு பெருகியது, சாதாரண செல்களில் நலிந்துபோனது. அந்தப் புரதத்தின் முதன்மையான வேலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் மணியை என்றென்றைக்கும் அடக்கிவைக்க வைரஸால் முடியாது; அதற்குத் தேவையும் இல்லை. ஒன்றிரண்டு நாள் தாமதம் கிடைத்தால் போதும், அதற்குள் பெருகிவிடும். பிறகு பிற செல்கள் விழித்துக்கொண்டு, தாமதமாகவும் மிகையாகவும் அபாயக்குரல் எழுப்புகின்றன. உங்கள் அப்பச்சியின் 103 டிகிரியும் உடல்வலியும் அந்தக் குரலின் விளைவு.

கோட்டையூர் வாசகர்:

ஆச்சி, அப்படியானால் பாக்டீரியா எட்டாம் நாள் ஏன் வந்தது? வைரஸை உடம்பு வென்ற பிறகு அல்லவா? தட்டம்மை வந்தவர்களுக்குப் பழைய எதிர்ப்பு நினைவே அழிந்துவிடும் என்கிறார்களே, அதுபோலவா?

நுண்ணுயிரியல் ஆசிரியை:

தட்டம்மை நினைவுச் செல்களையே அழிக்கிறது. இது அது அன்று. இங்கே சேதம் பெரும்பாலும் மூச்சுப்பாதைக்குள்ளேயே நிகழ்கிறது. சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்கள் உதிர்கின்றன. வைரஸின் நியூராமினிடேஸ் நொதி செல்களின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைச் சீவிவிடுவதால், நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் வெளிப்படுகிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் கொடுமை. வைரஸை விரட்ட வந்த டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் என்ற வேறொரு வகை இன்டர்ஃபெரான், காற்றறைகளில் பாக்டீரியாவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் பசியை மட்டுப்படுத்துகிறது. எலிகளில் இது 2008-இல் காட்டப்பட்டது. ஆகவே வைரஸை வெல்லும் நேரமும் பாக்டீரியாவுக்கு வாசல் திறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. நம் ஊர்ப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிபவை. முன்வாசலில் கலவரம் அடங்கும் வேளையில் பின்வாசலில் ஆளில்லாமல் போவதை எண்ணிக்கொள்ளுங்கள். உவமை முழுதாகப் பொருந்தாது, ஏனெனில் இங்கே பின்வாசல் காவலரை அனுப்பிவிட்டது வீட்டாரே.

ஓய்வுபெற்ற செவிலியர்:

இதனால்தான் வெகுகாலம் ஆளையே மாற்றிப் பிடித்திருந்தார்கள். 1892-இல் ஃபைஃபர், ஃப்ளூ நோயாளிகளிடம் கண்ட ஒரு பாக்டீரியாவையே நோய்க்குக் காரணம் என்று அறிவித்தார். மனிதரிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-இல்தான். 1918 கொள்ளைநோயில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோதும், பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளங்கள் இருந்தன.

தம்பி, இரண்டாம் முறை வந்த காய்ச்சலை நீங்கள் கவனித்ததே பெரிது. பலர் அதைப் பழைய காய்ச்சலின் மிச்சம் என்று எண்ணிச் சுக்குக் கஷாயத்தோடு இரண்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள். கஷாயம் தொண்டைக்கு இதம் தரும், நிமோகாக்கஸுக்கு மருந்தாகாது. அதேபோல, முதல் நாளே மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதும் வீண். அது வைரஸைத் தொடாது. வைரஸுக்கான ஓசெல்டமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்கு பயன்படும். அப்பச்சி தேறியபின், ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

பள்ளத்தூரான்:

ஆச்சிமார் இருவருக்கும் நன்றி. நேற்று முதல் காய்ச்சல் இல்லை. இருமல் மட்டும் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் வேறு மூவருக்கும் காய்ச்சல் கண்டிருக்கிறது. அவர்களில் இருவருக்கு 70 வயதுக்கு மேல். இந்த இழையை அவர்கள் பிள்ளைகளுக்கு இப்போதே அனுப்புகிறேன்.