ரங்கூன் பருப்பு ஆபீஸ்: ஒன்பது விண்டோஸ் 10 கம்ப்யூட்டர், எதை மாற்றுவது?

மொகல் தெரு கணக்கப்பிள்ளை:
வணக்கம். மொகல் தெருவில் (ஷ்வே பொந்தா என்றால்தான் இளசுகளுக்குத் தெரியும்) உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் ஆபீசில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் எது நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் வராதாம். கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டேன். "ஒன்பதையும் தூக்கிப் போடுங்கள்" என்றார். விலைப்பட்டியல் மட்டும் இரண்டு பக்கம். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "இப்போது ஓடுகிறதா, இல்லையா?" என்றார். ஓடுகிறது, அதுதான் சிக்கல்.

ஐந்து கம்ப்யூட்டர் ஜப்பானிலிருந்து வந்த பழைய சரக்கு, உள்ளே இருக்கும் இன்டெல் ப்ராசசர் ஐ5 4590. இரண்டு ஐ5 6500. இரண்டு ஐ5 8400. மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலியை ஓட்டினேன், ஒன்பதுக்கும் "விண்டோஸ் 11 ஓடாது" என்றே வந்தது. போதாக்குறைக்கு, 2019-க்கு முந்தைய பில் எல்லாம் ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் (யூனிகோடு இல்லை) இருக்கிறது. லாரி ரசீது அடிக்க ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், அதுவும் பழைய பேரலல் கேபிளில். என்ன செய்யலாம்?

மோல்மேன் தம்பி:
அண்ணே, அந்த 8400 இரண்டையும் தொடாதீர்கள். இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 11 ஏற்கும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (கம்ப்யூட்டர் திறக்கும்போது போகும் அமைப்புப் பக்கம்) அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி. அதைத் திறந்துவிட்டு மறுபடி சோதியுங்கள். 4590, 6500 இரண்டு வகையும் ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். ஏறும்தான், ஆனால் நாளைக்கு அப்டேட் வரும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். பணம் அனுப்பும் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு வேண்டாம்.

டர்பன் மாமா:
காசு கட்டி நீட்டிக்கவும் வழி இருக்கிறது, இஎஸ்யு என்பார்கள். நிறுவனங்களுக்கு முதல் வருடம் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 61 டாலர். வருடாவருடம் இரட்டிப்பாகும், மூன்று வருடம்தான். இரண்டாம் வருடத்தில் சேர்ந்தால் முதல் வருடக் காசையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். வீட்டுக்காரர்களுக்குத் தரும் ஒரு வருடச் சலுகையை ஆபீசுக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்னொன்று, ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே அக்டோபர் 14 தான் கடைசி. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொகல் தெரு கணக்கப்பிள்ளை:
தம்பி சொன்னபடி நேற்று உட்கார்ந்தேன். முதல் 8400-இல் பிடிடி "டிசேபிள்டு" என்று இருந்தது. திறந்தேன், டிபிஎம் 2.0 வந்துவிட்டது. ஆனாலும் செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே கள்ள மென்பொருளைத் தடுக்கும் வசதி) இல்லை என்று அடம். வட்டைப் பிரித்து வைத்திருந்தது பழைய எம்பிஆர் முறையில், புதிய ஜிபிடி முறையில் இல்லை. முதலில் கணக்கு முழுதும் வெளி வட்டில் நகல் எடுத்துக்கொண்டு, எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளையை ஓட்டினேன். பிறகு பயாஸைப் பழைய முறையிலிருந்து யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினேன். ஓடும் என்று வந்தது!

கரண்ட் முறை வைத்து வரும் ஊர் இது. நகல் எடுக்கும்போதே ஒரு தரம் போய்விட்டது, யூபிஎஸ் காப்பாற்றியது. இரண்டாவது கம்ப்யூட்டரை ஜெனரேட்டர் ஓடுகிற நேரம் பார்த்துத்தான் தொட்டேன். மாமா, 61 டாலர் ஒருபக்கம் இருக்கட்டும், டாலர் கார்டு எடுப்பதே இங்கே பெரும்பாடு.

மோல்மேன் தம்பி:
மெயிலும் பணமும் போகும் கம்ப்யூட்டருக்கு மட்டும் புதிது வாங்குங்கள் அண்ணே. ரசீது அடிக்கிற 4590-இல் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டால் அது பாட்டுக்கு ஓடட்டும், பேரலல் கேபிளுக்கும் அலைய வேண்டாம். யூஎஸ்பி குச்சி மாற்றி மாற்றிச் செருகுவதைத் தடுத்து வையுங்கள். புதியவற்றில் ஸாஜி எழுத்துருவையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய பில் கட்டம் கட்டமாகவும் குழறியும் தெரியும்.

மொகல் தெரு கணக்கப்பிள்ளை:
சரி தம்பி. மெயிலும் பணமும் போகிறவை ஐந்து, அதில் இரண்டு அந்த 8400. ஆக, மூன்று புதிது. முதலாளியிடம் ஒன்பது என்று சொன்னபோது முகம் போன போக்கு, மூன்று என்றதும் டீ வரவழைத்தார். ரசீது கம்ப்யூட்டரில் கேபிள் துளையை டேப் போட்டு ஒட்டி, "தொடாதே" என்று பர்மியிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் பையன் ஒருவன் அதில் போன் சார்ஜ் போட்டிருந்தான்.