பேர்கனில் இரண்டரை நாள்: எரிந்துபோய் மறுபடி எழுப்பிய ஃபான்டொஃப்ட் தேவாலயத்தைப் பார்க்க வேண்டுமா?

வழிப்போக்கன்:
ஜூன் கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நார்வேயின் பேர்கன் நகருக்குப் போகிறேன். கையில் இருப்பது இரண்டரை நாள். துறைமுகத்தை ஒட்டிய பிரிகென் மரவீடுகள் ஒரு நாள், ஃப்ளோயன் மலைக்கு இழுவை ரயிலில் ஏறி நகரைப் பார்ப்பது ஒரு நாள் என்று வைத்துவிட்டேன். மீதி அரை நாளில் ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயத்துக்குப் போகலாமா? அப்பா பழங்கட்டடம் என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். அம்மாவுக்கு முழங்கால் வலி. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுமரம்:
போக வேண்டாம். பழங்கட்டடத்தில் இவ்வளவு பற்று உள்ள மனிதரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது சரியில்லை. அந்தத் தேவாலயம் 1992 ஜூன் 6 அன்று தீ வைத்து எரிக்கப்பட்டது. இப்போது நிற்பது 1997இல் கட்டி முடித்த புதிய கட்டடம்.

எரிந்துபோனதும் முழுக்கப் பழையபடி இருந்ததில்லை. ஏறத்தாழ 1150இல் அது கட்டப்பட்ட இடம், சோக்னெஃபியோர்டு என்ற கடற்கழியின் உள்கோடிக்கு அருகில் இருக்கும் ஃபொர்துன் என்ற ஊர். அங்கே இடிக்கப்பட இருந்ததை 1883இல் ஒரு செல்வந்தர் வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, பேர்கன் அருகே நிறுத்தினார். அப்போதே போர்குன்ட் என்ற இன்னொரு பழைய மரத் தேவாலயத்தைப் பார்த்து உருவத்தை மாற்றிவிட்டார்கள். ஆக, இடம் மாறி, உருவம் மாறி, எரிந்தும் போன ஒன்றின் நகல்தான் இன்று இருக்கிறது. நார்வேயில் இடைக்காலத்து ஸ்டாவ் தேவாலயங்கள் (தூண்கள் தாங்கும் மரத் தேவாலயங்கள்) இன்னும் 28 மிஞ்சியிருக்கின்றன. ஏறத்தாழ 1180இல் எழும்பிய போர்குன்ட், கட்டிய இடத்திலேயே நிற்கிறது. பார்ப்பதென்றால் அதைப் பாருங்கள்.

கீழைக்காற்று:
பேர்கனில் 24 ஆண்டுகளாக இருக்கிறேன். நெடுமரம் அண்ணா சொன்ன ஆண்டுகள் சரி, முடிவு தவறு.

முதலில் நடைமுறையைப் பேசுவோம். போர்குன்டுக்குக் காரில் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லார்தால் சுரங்கப்பாதை வரும். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை ஒரே நாளில் அவ்வளவு தூரம் உட்கார வைத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமா? ஃபான்டொஃப்டுக்கு நகர மையத்திலிருந்து ட்ராமில் ஏறக்குறைய 20 நிமிடம்.

அடுத்தது, நகல் என்ற சொல். பிரிகென் 1702 பெருந்தீயில் சாம்பலானது. இன்று வரிசையாக நிற்கும் அந்தக் கூரைமுகப்பு வீடுகள் அதன் பிறகு எழுந்தவை. 1955இல் ஒரு பகுதி மறுபடியும் எரிந்தது. மன்னர் ஹோகோன் கட்டி 1261இல் மகனின் திருமணம் நடந்த மண்டபம், 1944 ஏப்ரல் 20 அன்று துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது கூரையை இழந்தது. அதையும் மீட்டுக் கட்டி 1961இல் திறந்தார்கள். இவற்றையெல்லாம் பார்ப்பதில் குறை காணாமல், ஃபான்டொஃப்டை மட்டும் ஏன் தள்ளுகிறீர்கள்?

நெடுமரம்:
இரண்டும் ஒன்றல்ல, தம்பி. 1702க்குப் பிறகு பிரிகெனைக் கட்டியவர்கள் அங்கேயே பிழைத்தவர்கள். அதே மனைகள், அதே குறுகிய சந்துகள், அதே கட்டுமுறை. மறுநாளே மீனை ஏற்றி இறக்கியாக வேண்டிய அவசரம் அவர்களுக்கு. வடக்கு நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளிலிருந்து வந்த காட் மீன் கருவாடு, உப்பே போடாமல் குளிர்காற்றில் காயவைத்தது, அந்தக் கிட்டங்கிகளில்தான் குவிந்தது. ஏறத்தாழ 1360 முதல் ஹன்சா என்ற வணிகர் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் அங்கே தங்கி வியாபாரம் செய்தார்கள். தீக்குப் பயந்து மரவீடுகளுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்று விதி. குளிர்காலத்தில் சமைக்கவும் குளிர்காயவும் பின்பக்கத்தில் தனியாக இருந்த பொதுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அந்தக் கூடங்களை இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். வேலை பழகவந்த பையன்கள் அந்த மரவீடுகளில் அலமாரி போன்ற படுக்கைகளில் முடங்கிக் கிடந்ததையும், பனிக்கால இரவில் சூடில்லாமல் தூங்கியதையும் பிரிகெனில் நின்றால் உடம்பிலேயே உணர முடியும். அது வாழ்ந்த இடம்.

ஃபான்டொஃப்டை 1997இல் கட்டியது யாருடைய அன்றாடத் தேவைக்கு?

அதோடு இன்னொன்று. 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்தான் வேண்டும் என்றால், பிரிகெனுக்குப் பின்னாலேயே மரியா தேவாலயம் இருக்கிறது. பேர்கனில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். கல்லால் ஆனது. அம்மா இரண்டு தெரு நடந்தால் போதும்.

தச்சன்மகள்:
இருவரும் கண்ணுக்குத் தெரியும் மரத்தையே பேசுகிறீர்கள். தச்சு வேலை நடந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு வேறொன்று படுகிறது.

பேர்கனின் மிகப் பழைய மரம் தரைக்கு அடியில் கிடக்கிறது. ஒவ்வொரு தீக்குப் பிறகும் இடிபாட்டின் மேலேயே கட்டினார்கள், கரையைக் கடலுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். கீழே புதைந்த மரம் நிலத்தடி நீரில் ஊறிக் கிடக்கும்வரை கெடாது, ஏனென்றால் காற்று படாது. 1955இல் எரிந்த பகுதியில் பிறகு ஹோட்டல் வந்தது. அங்கே தண்ணீரை வடித்ததால் பக்கத்து மண்ணில் நீர்மட்டம் இறங்கி, உள்ளே இருந்த மரம் மட்கத் தொடங்கியது. மேலே வீடுகள் சாய்ந்தன. பின்னர் நீர்மட்டத்தை மீண்டும் உயர்த்தினார்கள். பழையதைக் காப்பது என்றால் பூமிக்கு அடியில் ஈரத்தைக் காப்பதும்தான்.

அதே 1955 தீக்குப் பிறகு நடந்த அகழாய்வில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து கீறிய பொருள்கள் அறுநூறுக்கு மேல் கிடைத்தன. பெரும்பாலும் மரக்குச்சிகள். ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: "கீதா சொல்கிறாள், நீ வீட்டுக்குப் போ." குடித்துவிட்டு நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு வீட்டிலிருந்து வந்த செய்தி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டுப் பெயர் போலவே ஒலிக்கும் அந்தப் பெண்ணின் குரல், ஒரு குச்சியில் கீறலாக நூற்றாண்டுகள் தாண்டி வந்திருக்கிறது. எரியாமல் இருந்திருந்தால் அந்த இடத்தைத் தோண்டியிருக்கவே மாட்டார்கள். அந்த இடத்திலேயே 1976இல் திறந்த பிரிகென் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள்.

ஃபான்டொஃப்டைப் பற்றி: நான் உள்ளே போயிருக்கிறேன். தூண்கள் மண்ணில் நடப்படவில்லை. கல்லின் மேல் கிடைவிட்டம், அதன் மேல் தூண். மண்ணின் ஈரம் ஏறாததால்தான் இந்த வகைக் கட்டடங்கள் எண்ணூறு ஆண்டு தாங்கின. அந்தத் தூணுக்குத்தான் ஸ்டாவ் என்று பெயர். கருத்த வெளிச்சுவரில் கை வைத்தேன், அன்று மாலைவரை விரலில் தார் மணம் போகவில்லை. அந்த வேலையைக் கற்றுச் செய்த கைகளை நகல் என்று என்னால் சொல்ல முடியாது.

கீழைக்காற்று:
"யாருடைய தேவைக்கு?" என்று அண்ணா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். 1981இல் எங்கள் பொது நூலகத்தை எரித்தபோது நான் சிறுவன். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் போயின. அவை திரும்பி வராது. பின்னர் மறுபடி கட்டித் திறந்த கட்டடத்துக்குள் முதன்முறை நுழைந்தபோது, இது பழைய நூலகம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படியில் கால் வைத்ததும் அழுதுவிட்டேன். எரித்தவன் நினைத்தது முழுதாக நிறைவேறவில்லை என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி. பேர்கன்காரர்கள் சாம்பலைப் பெருக்கித் தள்ளிவிட்டு அந்த நிலத்தில் வீடு கட்டியிருக்கலாம். கட்டவில்லை. தேவை அதுதான்.

நெடுமரம்:
நூலகத்தைப் பற்றிச் சொன்னதற்கு நான் பதில் பேசப் போவதில்லை. உங்கள் வலியை மதிக்கிறேன்.

ஆனால் எரிந்த நூலகத்தை அப்படியே நினைவிடமாக விட்டிருக்க வேண்டும் என்று சொன்ன தமிழர்களும் இருந்தார்கள், உங்களுக்கே தெரியும். தீ நடந்தது என்பதை மறைத்துவிடும் அளவுக்குத் துல்லியமாகக் கட்டும்போது எனக்கு உறுத்துகிறது. கூரை முனைகளில் டிராகன் தலை, அடுக்கடுக்கான மர ஓடு, எல்லாம் அப்படியே. எத்தனையோ பேர் அதன் முன் படம் எடுத்து "850 ஆண்டுப் பழைய தேவாலயம்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பொய்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வழிப்போக்கன், நீங்கள் போனாலும் உங்கள் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள்.

வழிப்போக்கன்:
எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருடத்தில் திரும்பக் கட்டினார்கள்?" ஐந்து என்றேன். அப்படியானால் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அம்மாவுக்குக் கீதாவின் குச்சிதான் வேண்டுமாம். முதல் நாள் அருங்காட்சியகமும் மரியா தேவாலயமும், கடைசி அரை நாள் ஃபான்டொஃப்ட். ட்ராமிலிருந்து ஏற்றம் அதிகமா?

கீழைக்காற்று:
ஃபான்டொஃப்ட் நிறுத்தத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. கொஞ்சம் மேட்டில்தான் இருக்கிறது, மெல்ல ஏறினால் சமாளிக்கலாம். மழை பெய்தால் பாதை வழுக்கும், பேர்கனில் மழைக்கு முன்னறிவிப்பே வேண்டாம், அம்மாவுக்கு நல்ல பிடிமானமுள்ள காலணி எடுத்துவாருங்கள். உள்ளே போக டிக்கெட் உண்டு. கோடைக்காலத்தில் மட்டும்தான் திறப்பார்கள், ஜூனில் கவலை இல்லை. வெளியே ஒரு பழைய கற்சிலுவை நிற்கும், ரூகலான் பகுதியிலிருந்து கொண்டுவந்தது. அதைத் தீ ஒன்றும் செய்யவில்லை. அப்பாவிடம் காட்டுங்கள்.