முரசு நோயில் வைரசுக்கும் பங்குண்டா?

கேள்வி (புதுக்குடியிருப்பு):
வெற்றிலை போடாத, இரு வேளையும் பல் துலக்கும் என் அம்மாவின் தலையணை உறையில் காலையில் இரத்தக் கறை தெரிகிறது. பாண் கரையைக் கடித்தாலே கீழ் முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன. முரசு (பல்லீறு) நோய்க்குப் பற்றீரியாவே காரணம் என்று படித்திருக்கிறேன். வைரசும் காரணமாகலாம் என்கிறார்களே, அதற்கு மருந்து கேட்க வேண்டுமா?

பதில் (கிளிநொச்சி):
தங்கச்சி, முரசு பல்லைவிட்டு விலகுவதால் உண்டாகும் நோயுற்ற பைகளில் சைற்றோமெகலோ, எப்ஸ்ரைன்-பார் ஆகிய ஹேர்பீஸ் குடும்ப வைரசுகள் இருப்பதை 1990களில் கொன்ட்ரெராஸ், சுலொட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். உறங்கிக் கிடக்கும் வைரசு விழிக்கும்போது அவ்விடத்து எதிர்ப்புச் சக்தி தளர்ந்து பற்றீரியா பெருகுகிறது என்பதும், அந்த அழற்சி வைரசை மீண்டும் தூண்டுகிறது என்பதும் அவர்களின் கருத்து. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆயினும் அழற்சிக்கு ஓடிவரும் வெள்ளணுக்களோடு வைரசும் வந்து சேரக்கூடும் என்பதால், அங்கே இருப்பது மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது. வைரசு மருந்து இதற்கு வழமையான சிகிச்சையும் அல்ல.

பதில் (வவுனியா):
நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970 முதல் பதினைந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வை மறக்கக்கூடாது. பல் துலக்கும் வழக்கமே இல்லாத அவர்களில் 8 வீதத்தினருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 வீதத்தினருக்கு மெல்ல வளர்ந்தது. 11 வீதத்தினருக்கோ முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அழுக்கு ஒன்றே முழுக் காரணம் என்றால் இவ்வளவு வேறுபாடு ஏன்?

பதில் (மாங்குளம்):
அம்மாவுக்குச் சீனி பார்த்தீர்களா? நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் முற்றும். பல்லில் கல்லாய் இறுகிப் படியும் பற்காரையை அகற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.