ரெசொனேட்டரைக் கழற்றினால் இழுவை போய்விடுமாம்!

நாலு_சிலிண்டர்:
நம் மன்றத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இழையில் நேற்று ஒரு பையன் கேட்டிருந்தான். 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின், கையில் பெரிய பணம் இல்லை, சத்தம் கொஞ்சம் மிரட்டலாக வேண்டும், என்ன செய்யலாம் என்று. அதற்கு பழைய_இரும்பு கொடுத்த பதில்: "எதையும் தொடாதே. நடுவில் இருக்கும் ரெசொனேட்டரை எடுத்தால் பேக் பிரஷர் போகும். பேக் பிரஷர் போனால் கீழ் இழுவை செத்துவிடும்." பையன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ரெசொனேட்டர் என்பது எக்ஸாஸ்ட் குழாயின் நடுவில், பின் சைலன்சருக்கு முன்னால், சத்தத்தை அடக்க வைத்திருக்கும் டப்பா. கீழ் இழுவை என்பது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இழுக்கிற பலம். பேக் பிரஷர் என்பது வெளியே போகிற புகைக்கு எதிரே நிற்கும் தடை. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தத் தடையையும் சேர்த்துத்தான் தள்ளுகிறது. அங்கே செலவாகும் சக்தி சக்கரத்துக்கு வராது. தடை இருந்தால்தான் வண்டி இழுக்கும் என்பது, மூக்கைப் பொத்திக்கொண்டால்தான் நன்றாக ஓட முடியும் என்பதற்குச் சமம்.

அந்தப் பையனுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் வண்டிக்கு அடியில் போய்ப் பார். பழைய வண்டிகளில் பாதி 'மிரட்டல்' ஓட்டையிலிருந்துதான் வருகிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் பின் குழாயை ஒரு நொடி மூடினால், கசிகிற ஜாயின்டில் 'உஸ்' என்று கேட்கும். கேட்கும் இடத்தில் பெரும்பாலும் கரிக்கோடு படிந்திருக்கும். அதை அடைத்துவிட்டு, ரெசொனேட்டர் இருந்த இடத்தில் அதே விட்டத்தில் நேர்க்குழாய் ஒன்றை வெல்ட் செய்துகொள். பின் சைலன்சர் அப்படியே இருக்கட்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் கை வைக்காதே. உள்ளே பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பல நாடுகளில் குற்றமும்கூட. ஆக மொத்தம் ஒரு குழாய், ஒரு வெல்டர், அவ்வளவுதான் செலவு.

பழைய_இரும்பு:
எனக்காகத் தனி இழையே திறந்திருக்கிறார். ரொம்ப மகிழ்ச்சி. படிப்பாளிகள் நிறைய எழுதலாம். நான் கேட்பது ஒன்றுதான். கழற்றினால் கீழ் இழுவை குறைகிறதா, இல்லையா? குறைகிறது. நான் ஓட்டிப் பார்த்தவன். இன்ஜினுக்குப் பேக் பிரஷர் வேண்டும், அவ்வளவுதான்.

சுருதிப்பெட்டி:
சண்டைக்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. மிரட்டல் என்று எதைச் சொல்கிறீர்கள்? உரத்த சத்தமா, கனமான சத்தமா, கரகரப்பா? மூன்றும் வேறு. நாலு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், நொடிக்கு 200 தடவை வெடிக்கிறது. ஆறு சிலிண்டர் என்றால் 300. இந்தச் சுருதி இன்ஜினிலேயே முடிவாகிவிடுகிறது. எந்தக் குழாயைப் போட்டாலும் நாலு ஆறாகாது. அமெரிக்க வி8 குடுகுடுவென்று உருள்வது, ஒவ்வொரு பக்கத்துச் சிலிண்டர்களும் சீரில்லாத இடைவெளியில் வெடிப்பதால். பழைய சுபாரு அப்படிக் கேட்பதற்குக் காரணம், சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே எடுக்கும் ஹெடர் குழாய்களின் நீளம் சமமாக இல்லாதது. அதனால், எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்வோமா?

நாலு_சிலிண்டர்:
பழைய_இரும்பு அவர்களே, ஓட்டிப் பார்த்தது எந்த வண்டி?

பழைய_இரும்பு:
எந்த வண்டியானால் என்ன? இரட்டை கார்பரேட்டர் வைத்த கூப்பே. ரெசொனேட்டர், சைலன்சர் எல்லாம் எடுத்துவிட்டுப் பெரிய குழாய் போட்டோம். கீழே இழுவையே இல்லை. திரும்ப மாட்டினோம், வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நாலு_சிலிண்டர்:
நினைத்தேன். ஒரே நேரத்தில் மூன்று விஷயத்தை மாற்றிவிட்டுப் பழியை மட்டும் பேக் பிரஷர் மேல் போடுகிறார். கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை, அதாவது ஜெட், தானாக அளவு மாறாது. எக்ஸாஸ்ட் எளிதாக மூச்சு விட்டதும் கலவையில் பெட்ரோல் போதாமல் போகும். ஜெட்டை மாற்றியிருக்க வேண்டும். மாற்றினீர்களா? இல்லை. இரண்டாவது, பெரிய குழாய். குழாய் அகலமானால் வாயுவின் வேகம் குறையும். ஒரு சிலிண்டரின் புகை ஓடுகிற வேகம் அடுத்ததை இழுத்துவிடுகிற உதவி அங்கே போச்சு. நான் சொன்னது அதே விட்டத்தில் நேர்க்குழாய். 'அதே விட்டம்' என்பதைப் படிக்காமல் பதில் போடுவது இவருக்குப் பழக்கம். எம்எக்ஸ்-5இல் இருப்பது ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். ஆக்சிஜன் சென்சார் பார்த்துக் கலவையைத் திருத்திக்கொள்ளும்.

பழைய_இரும்பு:
வாயு வேகம், புகை இழுவை! பேக் பிரஷரைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார். குழாய் சின்னதாக இருந்தால் நல்லது என்று அவரே ஒப்புக்கொண்டாயிற்று. சின்னக் குழாய் என்றால் என்ன? தடை. தடை என்றால்? பேக் பிரஷர். நன்றி, வணக்கம்.

நாலு_சிலிண்டர்:
ஒப்புக்கொள்ளவில்லை. வேகம் வேறு, தடை வேறு. சரியான அளவுக் குழாயில் வேகம் கிடைக்கிறது. கூடவே வரும் தடை நாம் கொடுக்கும் விலை. விலையைப் பொருள் என்று நினைக்கிறார்.

டூஸ்ட்ரோக்_துரை:
இரும்பு அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் பைக்கில் எக்ஸ்பான்ஷன் சேம்பரை, அதாவது நடுவில் உப்பிக் கடைசியில் கூம்பாகக் குறுகும் எக்ஸாஸ்ட் அறையை, கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டால் வண்டி நகரவே நகராது. எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

நாலு_சிலிண்டர்:
துரை, இது காருக்கான இழை. டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும்போதே புது கலவையும் உள்ளே வருகிறது. கொஞ்சம் வெளியேயும் ஓடிவிடுகிறது. சேம்பரின் கடைசிக் கூம்பில் பட்டுத் திரும்பும் அழுத்த அலை அதை மறுபடி உள்ளே தள்ளுகிறது. அது அலை, நேரம் பார்த்து வருகிறது. எப்போதும் நிற்கிற தடை இல்லை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அந்த வேலையை வால்வு பார்த்துக்கொள்கிறது.

டூஸ்ட்ரோக்_துரை:
திரும்பி வந்து தள்ளுகிறது என்றால் அது பேக் பிரஷர்தானே? பின்னாலிருந்துதானே வருகிறது?

பழைய_இரும்பு:
அப்படிக் கேளுங்கள் துரை.

மூன்றாம்_கியர்:
பேக் பிரஷர் கதை எனக்குத் தெரியாது. ரெசொனேட்டரை எடுத்த பலன் என்ன என்று எனக்குத் தெரியும். 3000 ஆர்பிஎம் தொட்டதும் கேபினுக்குள் ஒரே ரீங்காரம். நெடுஞ்சாலையில் எனக்கு ஐந்தாம் கியரில் சரியாக அந்த ஆர்பிஎம்தான் வருகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்காது. துணிக் கூரை வண்டியில் இன்னும் மோசம். இதை நாலு_சிலிண்டர் தன் நீண்ட பிரசங்கத்தில் ஒரு வரி சொன்னாரா?

நாலு_சிலிண்டர்:
ரீங்காரத்துக்கு வழி இருக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டரின் வெடிப்பு 100 ஹெர்ட்ஸ். பிரதானக் குழாயில் ஒரு கிளைக்குழாய் வைத்து அதன் மறுமுனையை மூடிவிட வேண்டும். நீளம் அந்த அலையில் கால் பங்கு. சூடான வாயுவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். உள்ளே போன அலை முட்டித் திரும்பும்போது எதிர்க் கட்டத்தில் வந்து சேர்கிறது, அந்தச் சுருதி மட்டும் அடங்குகிறது. மற்ற சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாம்_கியர்:
அதாவது ஒரு டப்பாவைக் கழற்றிவிட்டு, அது செய்த வேலையைச் செய்ய ஒரு மீட்டர் குழாய் வாங்கி, வளைத்து, வெல்ட் செய்து, எம்எக்ஸ்-5 அடியில் இல்லாத இடத்தில் மாட்ட வேண்டும். இழையின் தலைப்பில் 'குறைந்த செலவு' என்று இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

பழைய_இரும்பு:
நான் முதலிலேயே சொன்னேன், தொடாதே என்று. பேக் பிரஷரும் போச்சு, காதும் போச்சு.

நாலு_சிலிண்டர்:
காது போனதற்கும் பேக் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்? ரீங்காரத்தை நான் மறுக்கவே இல்லை. அவர் வண்டியில் பின் சைலன்சர் அசலா என்று கேளுங்கள். பெயர் தெரியாத காலி டப்பா ஒன்றைப் போட்டிருப்பார். கண்ணாடி இழை அடைத்த மலிவு சைலன்சர் என்றால் போகப் போக உள்ளே இழை எரிந்து உதிர்ந்துவிடும். அப்புறம் வெறும் துளைக் குழாய்தான் மிச்சம். அதற்கெல்லாம் ரெசொனேட்டர் பொறுப்பாகாது.

மூன்றாம்_கியர்:
என் சைலன்சர் அசல். பார்க்காத வண்டிக்கு ஜாதகம் எழுதாதீர்கள்.

தூசி_ஃபில்டர்:
எல்லாரும் பின்னாலேயே நிற்கிறீர்கள். ஓட்டுகிறவன் காதுக்கு வரும் சத்தத்தில் நல்ல பங்கு முன்னாலிருந்து வருகிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு முன்னே இருக்கும் பிளாஸ்டிக் மூக்கையும் அதோடு ஒட்டிய காலி அறையையும் கழற்றுங்கள். பெட்டி அப்படியே இருக்கட்டும். ஆக்சிலேட்டரை அழுத்தியதும் உறிஞ்சும் உறுமல் தனியாகக் கேட்கும். வேண்டாம் என்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், வெட்டவும் வேண்டாம் ஒட்டவும் வேண்டாம். திறந்த கூம்பு ஃபில்டர் மட்டும் போடாதீர்கள். அது பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சும், சத்தம் கூடி சக்தி குறையும். டொயோட்டா 86 வந்தபோது இன்டேக் (காற்றை உறிஞ்சும் பக்கம்) அதிர்வைக் கேபினுக்குள் கொண்டுவர அவர்களே ஒரு குழாய் வைத்தார்கள்.

சுருதிப்பெட்டி:
நல்ல யோசனை. ஆனால் அது உள்ளே இருப்பவருக்கு மட்டும் மிரட்டல். வெளியே நிற்பவருக்குக் கேட்காது. அதனால்தான் கேட்கிறேன், மிரட்டல் யாருக்கு?

நாலு_சிலிண்டர்:
இன்டேக் என்பது இரண்டாம் கட்டம். முதலில் இந்தப் பேக் பிரஷர் மூடநம்பிக்கையை முடித்துவிட்டு வருவோம்.

பழைய_இரும்பு:
மூடநம்பிக்கையா? அப்படியானால் மாஸ்டா ஏன் அங்கே ரெசொனேட்டர் வைத்தது? அந்த வண்டியின் எக்ஸாஸ்ட் சத்தத்துக்கே தனியாக மெனக்கெட்டார்கள். அந்த வண்டியை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் ஹிராயும் அவர் ஆட்களும் முட்டாள்களா? லெக்ஸஸ் எல்எஃப்ஏவுக்கு ஒலி பார்க்க யமஹாவைக் கூப்பிட்டார்கள். கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது பட்டறை வெல்டருக்குத் தெரியுமா?

நாலு_சிலிண்டர்:
சத்தத்துக்காக வைத்தார்கள்! இழுவைக்காக இல்லை! நீங்களே 'சத்தத்துக்கு மெனக்கெட்டார்கள்' என்று எழுதிவிட்டீர்கள். எல்எஃப்ஏ 9000 ஆர்பிஎம் போகிற வி10. அதை இங்கே இழுத்துவந்தால் பேச்சு முடிந்துவிடுமா? இவர் எப்போதும் இப்படித்தான். டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் பட்டை) பற்றிய இழையில் இதே 1.6 இன்ஜினுக்கு "பெல்ட் அறுந்தால் வால்வு எல்லாம் வளைந்துவிடும்" என்று பயமுறுத்தியது யார்? அந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், வால்வும் பிஸ்டனும் மோதவே மோதாது. இன்றுவரை அந்தப் பதிவைத் திருத்தவில்லை.

பழைய_இரும்பு:
பெல்ட்டை நேரத்துக்கு மாற்றச் சொன்னது தப்பா? அந்த இழையில் என்னைக் கிழவன் என்று சொன்னவர்தான் இவர். நான் மறக்கவில்லை.

நாலு_சிலிண்டர்:
கிழவன் என்று சொல்லவில்லை. 'அந்தக் காலத்தவர்' என்றுதான் சொன்னேன்.

டூஸ்ட்ரோக்_துரை:
இதற்கெல்லாம் செலவே வேண்டாம். சைலன்சரில் நாலு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. கைபேசியில் பிடித்த வீடியோ வைத்திருக்கிறேன், என்ன உறுமல் தெரியுமா?

தூசி_ஃபில்டர்:
கைபேசி மைக் உரத்த சத்தத்தைத் தானாகவே அமுக்கிவிடும். அதில் எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் கேட்கும். ஓட்டை போடும் யோசனையையும் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். புகை வண்டிக்கு அடியிலேயே தங்கிக் கேபினுக்குள் ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஓட்டை ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் விழுந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் நினைத்துக்கொண்டு இன்னும் ஊற்றச் சொல்லும்.

டூஸ்ட்ரோக்_துரை:
என் டூ-ஸ்ட்ரோக் பைக்கில் சென்சாரே கிடையாது.

பையன்_1990:
அண்ணன்களே, அந்த எம்எக்ஸ்-5 என்னுடையதுதான். இப்போது கழற்றலாமா, வேண்டாமா? எங்கள் டிராக்கில் அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் மைக் வைத்து அளக்கிறார்கள். வரம்பைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். ரெசொனேட்டர் எடுத்தால் எத்தனை டெசிபல் கூடும்?

நாலு_சிலிண்டர்:
தம்பி, கொஞ்சம் பொறு. பழைய_இரும்பு, ஒரே ஒரு டைனோ (ரோலர் மேல் வண்டியை ஓட்டிச் சக்தி அளக்கும் இயந்திரம்) வரைபடம் காட்டுங்கள். அதே வண்டி, அதே விட்டம், ரெசொனேட்டர் இருந்தபோது ஒன்று, எடுத்த பிறகு ஒன்று. கீழ் இழுவை குறைந்திருந்தால் பேசலாம்.

பழைய_இரும்பு:
ரோலர் மேல் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் வரைபடம். எனக்கு வேண்டாம். மூன்றாம் கியரில் 1500 ஆர்பிஎம் வைத்து ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். பேக் பிரஷர் இருக்கிற வண்டி ஏறும், இல்லாதது திணறும்.

நாலு_சிலிண்டர்:
1500 ஆர்பிஎம்மில் மேடு ஏற்றவா ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவார்கள்? அதற்கு டிராக்டர் பிரிவு இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு:
டிராக்டருக்கும் பேக் பிரஷர் வேண்டும்.

நாலு_சிலிண்டர்:
டர்போ டீசலுக்குப் பின்னால் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது! இதற்கும் ஒரு தனி இழை திறக்கவா?

பழைய_இரும்பு:
திறங்கள். வருகிறேன்.