கோயம்புத்தூரில் என்னோடு ஊழியம் செய்த எல்டரை (ஆண் மிஷனரியை) தேடுகிறேன்

பிரதர்ஸ், சிஸ்டர்ஸ், ஒரு உதவி. 2009–11ல் நம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் (மார்மன் சபை) பெங்களூர் மிஷனில் ஊழியம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கோயம்புத்தூரில் எனக்குக் கம்பானியனாக (ஜோடி ஊழியராக) இருந்த ராஜமுந்திரிக்காரரைத் தேடுகிறேன். ராத்திரி வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே தமிழ் கேட்டுப் படிப்பார். நோட்டில் அதைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைப்பார். எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி வைத்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டார். கூடப் பிறந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான்.

பேட்ஜில் குடும்பப் பெயர் மட்டும்தானே இருக்கும். ஃபேஸ்புக்கில் அந்தப் பெயரில் ஏகப்பட்ட பேர். அடுத்த டிரான்ஸ்ஃபரில் (ஊழிய இடமாற்றத்தில்) என் கம்பானியன் சென்னைக்குப் போனார். அதோடு தொடர்பு விட்டுப்போச்சு.

அந்தக் காலத்து குரூப் போட்டோ, சோன் கான்ஃபரன்ஸ் (வட்டார மிஷனரிகள் கூட்டம்) படம் எது இருந்தாலும் அனுப்புங்கள். பெயரைப் பொதுவில் போட வேண்டாமென்று நினைக்கிறேன், இன்பாக்ஸில் சொல்கிறேன். ராஜமுந்திரி கிளைச் சபையில் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.