மறு: ‘ரோல்பிளே’ என்பதற்குத் தமிழில் என்ன? – ‘வேடப்பேச்சு’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சாட்பாட்டுக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, நாமும் ஒரு பாத்திரமாக இருந்து பேசிப் பார்க்கும் விளையாட்டுக்குத்தான் சொல் தேடுகிறோம். செயலியைத் தமிழாக்கும் தம்பிமார் பொத்தானில் போடச் சொல் கேட்டுக் காத்திருக்கிறார்கள். அதனால் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘பாத்திரமேற்று நடித்தல்’ ஏற்கெனவே பயிற்சி ஏடுகளில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இருக்கிறது, சரிதான். வகுப்பறைக்கு அது பொருந்தும். ஆனால் கைப்பேசிப் பொத்தானுக்குள் அடங்காது. அதோடு, நடித்தல் என்றால் கையும் காலும் முகமும் வேண்டும். இங்கே இருப்பது பேச்சு மட்டும்.

> அருள் வந்து ஆடுவது போலத்தானே இதுவும்? ‘அருளாடல்’ என்று வைத்தால் நம் மண்ணின் மணம் இருக்கும்.

பொள்ளாச்சி அண்ணன் எழுதிய இந்த வரியில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். காரணம், போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வாயிலிருந்தும் இதே எண்ணம் வந்தது.

கோபியில் அக்கா வீட்டில் இருந்தேன். விடாத மழை. ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, வெளியே போக முடியாமல் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் சாட்பாட்டில் தட்டினேன். ‘நீங்க ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர். நான் மஞ்சள் வாங்க வந்திருக்கேன்.’ அதற்கு, ‘வணக்கம், தாங்கள் எவ்வளவு மஞ்சள் வாங்க விரும்புகிறீர்கள்?’ என்று பதில் வந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள். ‘மண்டில யாரு மாமா இப்படிப் பேசுவாங்க? கொங்குத் தமிழ்ல பேசச் சொல்லுங்க’ என்றாள். சொன்னேன். ‘வாங்க அம்மிணி, உக்காருங்க. விரலி வேணுங்களா, கிழங்கு வேணுங்களா?’ என்று வந்தது. பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். விலை கேட்டாள், குறைக்கச் சொன்னாள். ‘கட்டுபடியாகாதுங்க அம்மிணி’ என்று அது மறுத்தது. அப்புறம் அவள் தாத்தா மண்டியில் கேட்பதைப் போலவே, ‘ஒரு விரலிய ஒடச்சுக் காட்டுங்க, உள்ள நெறம் பாக்கோணும்’ என்றாள். உடனே பேச்சு மாறிவிட்டது. ‘நான் ஒரு செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி. பொருள்களை உடைத்துக் காட்ட என்னால் இயலாது.’

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, ‘மாமா, சாமி மலையேறிருச்சு’ என்றாள்.

எவ்வளவு பொருத்தமாகச் சொன்னாள் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ‘அருளாடல்’ வேண்டாம் என்பதே என் முடிவு. அருள் என்றால், வந்து இறங்கியது இன்னொருவர் என்று பொருள். அந்த நேரத்தில் பேசுவது ஆடுகிறவர் இல்லை, சாமி. பக்தர் அப்படித்தான் நம்புகிறார், நம்பித்தான் திருநீறு வாங்குகிறார். சாட்பாட் விளையாட்டில் அந்த நம்பிக்கையை ஒரு சொல்லால் ஊட்டிவிடக் கூடாது.

இது வீண் பயம் இல்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற உரையாடும் நிரலுக்கு ‘டாக்டர்’ என்றொரு வேடம் கொடுத்திருந்தார். எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை எழுதி உருவாக்கியதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, சில வரிகள் அதோடு பேசியதும், அறையை விட்டு வெளியே போகும்படி அவரிடம் கேட்டாராம். வைசன்பாமே இதைப் பதிவு செய்திருக்கிறார். அன்றைக்கு நிரல் அத்தனை எளியது. இன்றைய கேரக்டர்.ஏஐ போன்ற சாட்பாட் தளங்களில் ஆயிரக்கணக்கான பாத்திரங்கள் நாள் முழுக்கப் பேசக் காத்திருக்கின்றன. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் அவற்றோடு வரம்பில்லாமல் பேசுவதை 2025 நவம்பரில் அந்த நிறுவனமே நிறுத்திவிட்டது. ஆகவே, ‘இது கட்டியது, கலைக்கக்கூடியது’ என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதற்கு ‘வேடம்’தான் சரியான சொல். கூத்தில் வேடம் கட்டுகிறோம், விடிந்ததும் கலைக்கிறோம். கட்டியவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே மெய்மறக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் மரே ஷானஹனும் வேறு இருவரும் 2023-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில், மொழி மாதிரிகள் (சாட்பாட்டுக்குள் இருந்து பேசுபவை இவைதான்) பேசும் எல்லாவற்றையுமே வேடமாகப் புரிந்துகொள்ளலாம் என்கிறார்கள். மண்டிக்காரர் ஒரு வேடம் என்றால், ‘நான் உங்கள் உதவியாளர்’ என்று பணிவாகப் பேசுவதும் இன்னொரு வேடம். அப்படிப் பார்த்தால் அன்றைக்குத் திண்ணையில் கலைந்ததற்குப் பின்னால் ஒரு முகம் தெரியவில்லை, இன்னொரு ஒப்பனைதான் தெரிந்தது. அடியில் யார் என்பதைப் பற்றி ‘வேடம்’ எதையும் உறுதி சொல்வதில்லை. ‘அருள்’ சொல்லிவிடுகிறது. எனக்கு இந்த வேறுபாடு பெரிது.

> வேடதாரி, கபட வேடம் என்றுதானே வழக்கு? ஏமாற்று என்ற வாடை வராதா?

வரும், மறைக்கவில்லை. ஆனால் சேலம் குகையில் ஆடித் திருவிழாவின்போது வண்டி வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? நேர்த்திக்கடனாகச் சாமி வேடம் கட்டி, அலங்கரித்த வண்டியில் வருவார்கள். பக்கத்துக் கடைக்காரர் சிவனாக உட்கார்ந்திருப்பார். அவரை ஏமாற்றுக்காரர் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நம் பக்கத்தில் ‘வேசங் கட்டறது’ என்பதற்கு உழைப்பு, நேர்ச்சை, விளையாட்டு என்று எல்லாம் உண்டு. கெட்ட வாடை ‘தாரி’யில் இருக்கிறது, ‘கட்டு’வதில் இல்லை.

> சங்க அகப்பாட்டில் ‘தோழி கூற்று’, ‘தலைவி கூற்று’ இருக்கும்போது ‘கூற்றாடல்’ என்று ஏன் வைக்கக் கூடாது?

இதை எழுதிய அம்மாவுக்கு என் வணக்கம். இன்னொருவர் வாயாக நின்று பேசுவதைத் தமிழ் எவ்வளவு காலமாகச் செய்துவருகிறது என்பதை இதைவிட அழகாகக் காட்ட முடியாது. ஆனால் ‘கூற்று’ என்றால் எமனும்தான். பொத்தானில் ‘கூற்றாடு’ என்று பார்த்தால் பாதிப்பேர் திகைப்பார்கள். இந்தச் சொல்லை வேறொரு தேவைக்கு எடுத்து வையுங்கள்: உரையாடலில் ஒரு பாத்திரம் பேசும் பகுதிக்கு ‘மண்டிக்காரர் கூற்று’ என்று தலைப்பிடலாம். அங்கே அது கச்சிதமாக உட்காரும்.

எந்தச் சொல் நிற்கும், எது நிற்காது என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. சோமனூரிலும் பல்லடத்திலும் ‘விசைத்தறி’ என்பது எல்லார் வாயிலும் இருக்கிறது. தறி முன்பே வீட்டில் இருந்தது, விசை மட்டும் புதிதாகச் சேர்ந்தது. ‘பின்னலாடை’ திருப்பூரில் பெயர்ப்பலகையிலும் செய்தித்தாளிலும் இருக்கிறது, வேலைக்குப் போகிறவர் சொல்வது ‘பனியன் கம்பெனி’. ‘ஆழ்துளைக் கிணறு’ அரசாணையில் இருக்கிறது, தோட்டத்தில் ‘போர்’தான் போடுகிறார்கள். வேடம் நம்மிடம் தறி மாதிரி, முன்பே வீட்டில் இருப்பது.

ஆகவே என் முன்மொழிவு: இந்த விளையாட்டுக்கு வேடப்பேச்சு. தொடங்கும் பொத்தானில் ‘வேடம் கட்டு’. பாத்திரத்தின் குணம், பேச்சு, ஊர் எல்லாம் எழுதிக் கொடுக்கும் குறிப்புக்கு ‘வேடக்குறிப்பு’. முடிக்கும் பொத்தானில் ‘வேடம் கலை’ என்றுதான் முதலில் எழுதினேன். மனைவியிடம் காட்டியபோது ‘இதென்ன, வேடக் கலையா?’ என்று கேட்டாள். அதனால் ‘வேடத்தைக் கலை’ என்று மாற்றிவிட்டேன். நாம் கேட்காமலே அது தானாக மாறினால் ‘வேடம் கலைந்தது’. பிள்ளையின் ‘மலையேறிருச்சு’வை உதவிப் பக்கத்தில் எடுத்துக்காட்டாகவாவது போடுங்கள், விட மனசில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. சிலர் சாட்பாட்டை ஒரு பாத்திரமாக வைக்காமல், கதையை நடத்திக்கொண்டு போகிறவராக வைக்கிறார்கள். அதுதான் ஊரைக் காட்டும், ஆட்களைக் கொண்டு வரும், அடுத்து என்ன என்று கேட்கும். கூத்தில் திரைக்கு முன்னால் நின்று, வருகிற வேடத்தை யார் என்று கேட்டு அவைக்கு அறிமுகம் செய்கிற கட்டியக்காரன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். இயந்திரத்துக்கு ‘-காரன்’ வேண்டாம், ‘கட்டியர்’ என்றால் போதும் என்று தோன்றுகிறது. கூத்தோடு பழகியவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், காதுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். தம்பிமாருக்கு வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து