மறு: 'எக்கோபொயட்ரி' – சூழல்கவிதையா, திணைக்கவிதையா?

அன்பு நண்பர்களுக்கு,

'எக்கோபொயட்ரி'க்கு, அதாவது சூழலியல் அக்கறையோடு எழுதப்படும் கவிதைக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழையை முழுக்க வாசித்தேன். 'இயற்கைக் கவிதை' போதாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். அருவியின் அழகைப் பாடுவது ஒன்று. அந்த அருவி ஏன் வற்றியது, அதை நம்பியிருந்த தவளை எங்கே போனது என்று கேட்பது வேறொன்று. 'பசுமைக் கவிதை'யும் ஒட்டவில்லை. உப்பங்கழிக்கும் மணல்மேட்டுக்கும் பச்சை ஏது?

மிச்சம் 'சூழல்கவிதை'. சுருக்கமான சொல், சூழலியல் என்ற வழக்கோடும் பொருந்துகிறது. ஆனால் ஒன்று சூழ வேண்டுமென்றால் நடுவில் யாராவது நிற்க வேண்டும். நடுவில் மனிதர், சுற்றிலும் மற்றதெல்லாம் என்று ஆகிவிடுகிறது. 1866இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் சூழலியலுக்கு (எக்காலஜி) பெயர் வைக்க எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல் 'ஓய்கோஸ்', அதாவது வீடு. வீடு என்றால் எல்லோரும் உள்ளேதான்.

அதனால்தான் 'திணைக்கவிதை' என்கிறேன். சங்க இலக்கியத்தின் திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கு, மரம், பறவை, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். மனித உணர்வு உரிப்பொருள். மனிதரின் பிரிவும் ஏக்கமும் அந்த மண்ணோடும் பொழுதோடும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

மனிதரை உயர்திணை, மற்றதை அஃறிணை என்று இலக்கணம் பிரித்ததும் இதே சொல்லால்தானே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, இரண்டு நாள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நற்றிணை 172ஆம் பாட்டைப் பாருங்கள். சிறுமிகள் விளையாட்டாக வெண்மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். 'உங்களைவிடச் சிறந்தது, இது உங்கள் தங்கை' என்கிறாள் அம்மா. பிறகு அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது. தங்கை பக்கத்தில் நிற்கிறாளே! இலக்கணம் பிரித்து வைத்ததைப் பாட்டு ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

திணை பழைய மரபு, இன்றைய சீரழிவைத் தாங்குமா என்பது அடுத்த தயக்கம். சிலப்பதிகாரம், காடுகாண் காதை: 'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து' பாலை என்ற வடிவம் கொள்ளும். நிலம் கெட்டுத் திரிவதற்கான இடம் இந்தக் கோட்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெட்டப்பட்ட காட்டையும் வற்றிய ஏரியையும் எழுதுகிறவருக்கு இதைவிட நெருக்கமான அடி எது?

சங்கப் பாடலோடு குழம்பும் என்ற பயம் எனக்கு இல்லை. அவற்றைப் பாட்டு, பாடல், செய்யுள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். 'கவிதை' என்று சேர்த்ததுமே இது இக்காலத்தது என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

சரி, படிப்புத் துறைக்கு? 'எக்கோபொயட்டிக்ஸ்' என்பதைத் 'திணைக்கவிதையியல்' எனலாம். நீளம்தான், ஆனால் பிரித்துப் பார்த்தால் உடனே புரிகிறது. வல்லின 'க்' கட்டாயம் வேண்டும். 'திணை கவிதை' என்று விட்டு எழுதினால் சொல் உடைந்துபோகும்.

நகரத்தைப் பற்றிய கவிதை எந்தத் திணை என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குத் தனி இழையே வேண்டும், நாளை தொடங்குகிறேன்.